அவியளுக்கு ஹீ சொல்ல மாட்டேன்

கொல்லயில் கிராமம், பாறசாலை,
வியாழக்கிழமை.

கர்த்தருடைய கிருபையால் பாலக்காட்டில் சுகமாக இருப்பதாக நான் நம்புகிற அன்பு மச்சினன் விஜயதாஸுக்கு, உன் அத்தான் எலியா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காள் சாராம்மாவும் என் சுகரையும் அவளுடைய முட்டுவலியையும் தவிர வேறு குறைவில்லாமல் இருக்கிறோம். மழை உண்டு. தென்னையில் காய் கம்மி. போனில் கூப்பிடாமல் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போன் செய்தால் நீ காலேஜ் வாத்தியார், இரண்டாவது வாக்கியத்திலேயே இங்கிலீஷுக்குத் தாவிவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாதல்லவா, அதற்காகத்தான்.

உன்மேல் எனக்குக் கோபம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த வீட்டில் நடந்த அத்தனைக்கும் நீதான் காரணம். மகள் ஜெஸிக்கு அயர்லாந்தில் அடுத்த மாதம் பேறுகாலம், தலைப்பிள்ளை, அந்த நேரத்தில் பெற்ற தாய் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று சாராம்மா விசாவுக்கு எழுதிப்போட்டது உனக்குத் தெரியும். விசாக்காரர்கள் போனில் கேள்வி கேட்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஓணம் லீவுக்கு வந்த நீ ஒரு இலக்கணப் புத்தகத்தைக் கொண்டுவந்து பத்து நாள் பாடம் நடத்தினாய். அவன் என்றால் ஹீ, அவள் என்றால் ஷீ, அவர்கள், அதாவது நம் ஊர்ப் பேச்சில் அவியள், என்றால் தே. ஹீக்கு இஸ், தேக்கு ஆர். அதுவரைக்கும் சரி. அப்போது உன் அக்காள் என்னைக் காட்டிக் கேட்டாள்: "எலே தாசு, எனக்க மாப்பிளைக்கு எது போடணும்?" நீ ஹீ என்றாய். "அப்பம் அவன்னுல்லா வரும்? கெட்டி முப்பத்திநாலு வருசத்துல நான் அவியள அவன்னு சொன்னது இல்ல. அவியளுக்கு ஹீ சொல்ல மாட்டேன்" என்றாள். நீ சிரித்துவிட்டு மீன்குழம்புக்குக் கையை நீட்டினாய். அந்த இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தால் எனக்கு இந்தக் கடிதம் எழுதும் வேலை இருந்திருக்காது.

நீ பாலக்காட்டுக்கு வண்டி ஏறியதும் அடுத்த வீட்டு ஸ்ரீகுமாரி டீச்சர் பாடத்தை ஏற்றெடுத்தார். அவர் மலையாளம் படிப்பித்து ரிட்டயர் ஆனவர். மலையாளத்தில் ஞானும் போயி, நீயும் போயி, அவனும் போயி, யார் போனாலும் வினைச்சொல் ஒன்றுதானே. "எந்தினா சேச்சி இத்ர கஷ்டம், எல்லார்க்கும் கோ மதி" என்று, யார் போனாலும் ஒரே கோ போதும் என்று சொல்லிவிட்டார். நம் தமிழிலோ போனேன், போனாய், போனாள் என்று ஆளுக்கொரு வால். இங்கிலீஷ்காரன் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, அவனுக்கும் அவளுக்கும் மட்டும் ஒரு எஸ் கொடுத்துவிட்டு மற்றவர்களை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறான். அந்த ஒரு எஸ்ஸை எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைத்திருந்தால் அவனுக்கு என்ன கெட்டுப்போயிருக்கும்? உன் அக்காள் தமிழ்ப் பழக்கத்தில் ஆளை விட்டுவிட்டு வினையை மட்டும் சொல்லத் தொடங்கினாள். "வென்ட் சந்தை" என்பாள். யார் போனது என்று நான் கேட்டால், "நான்தான் போனேன், பின்ன ஆரு போவா" என்று எனக்குத்தான் ஏச்சு.

இப்படி இருக்கும்போது ஒரு காலையில் விசா ஆபீஸிலிருந்து போன் வந்தது, ஒரு பெண்குரல். சாராம்மா ஸ்பீக்கரைப் போட்டாள். ஊர், பெயர், வயது எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பிறகு அந்தப் பெண், உங்கள் கணவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டாள். "யெஸ் மேடம், தே ஆர் ஸ்டாண்டிங் நியர்" என்றாள் உன் அக்காள். அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். "ஒன் ஒன்லி." அப்படியானால் யார் இந்தத் தே? "தே ஆர் மை ஹஸ்பண்ட்." எத்தனை கணவர்கள் என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள், ஆனால் சபை ஊழியக்காரன் மகளான உன் அக்காளுக்கு அது பொறுக்கவில்லை. "ஒன் ஹஸ்பண்ட் மேடம், காட் ப்ராமிஸ். தே ஆர் ரிட்டயர்ட் லைன்மேன். தே ஆர் சுகர்" என்றாள். நீங்கள் அயர்லாந்தில் இருக்கும்போது அவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு, "தே வில் லுக் தே" என்று பதில். நான் பக்கத்தில் நின்று ஹீ, ஹீ என்று வாயசைத்தேன். நான் பல்லைக் காட்டிச் சிரிப்பதாக நினைத்து, "சும்மா கிடயுங்க, பேசட்டு" என்று கையால் தள்ளினாள்.

முப்பது வருடம் கரண்டு கம்பத்தில் ஏறி இறங்கியவன் நான், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? போனைப் பிடுங்கினேன். நிலைமையை ஒரே வாக்கியத்தில் தெளிவாக்கிவிட வேண்டுமென்று நினைத்து, "மேடம், ஐ இஸ் த தே" என்றேன். அந்தப் பெண் தகவல் தெரிவிப்போம் என்று வைத்துவிட்டாள்.

மூன்று வாரமாகிறது, ஒரு தகவலும் இல்லை. உன் அக்காள் பேறுகால மருந்துப் பொடியும் கருப்பட்டியும் கட்டி வைத்த பெட்டியைத் தினமும் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறாள். "நான் அவியளுக்கு மரியாத குடுத்தது குத்தமாப் போச்சே, பிள்ள அங்க ஒத்தைக்குக் கிடந்து நோவுமே" என்று நேற்று அடுக்களையில் நின்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த வீட்டுக்குள் இனி இங்கிலீஷ் வேண்டாம். உன் புத்தகத்தைப் பொதிந்து கட்டிவிட்டேன், நாளைக்கு இந்தக் கடிதத்தோடு பாறசாலை தபாலாபீஸிலிருந்து புறப்படும். எனக்கு அந்த ஊருக்குப் போகும் ஆசை முதலிலிருந்தே கிடையாது. குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால்தான் நான் விண்ணப்பமே போடவில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். நீயும் கேட்பவர்களிடம் அப்படியே சொல்.

உன் மனைவி சினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம் உண்டு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் பாடத்திலிருந்து பிறரையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அத்தான்,
எலியா

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் தகவல் வந்தது. சாராம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது. வரும் பதினெட்டாம் தேதி புறப்படுகிறாள். புத்தகத்தைத் தேடாதே, பொதியைப் பிரித்துவிட்டேன், பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறேன். சந்தேகம் ஒன்று உண்டு. இந்த வீட்டில் வாட்ஸாப் உள்ள போன் ஒன்றுதான். அதில் ஜெஸி இங்கிலீஷில், வீ ஆர் வெயிட்டிங் ஃபார் யூ என்று அனுப்பியிருக்கிறாள். "அது எனக்காக்கும்" என்கிறாள் உன் அக்காள். ஆனால் யூ என்றால் ஒருவரும் ஆகலாம், இரண்டு பேரும் ஆகலாம் என்று உன் புத்தகத்தில் போட்டிருக்கிறது. தமிழில் என்றால் இந்தக் குழப்பம் இல்லை, அம்மையை மட்டும் என்றால் பிள்ளை நீ என்றுதான் சொல்லுவாள், நானும் சேர்ந்தால் நீங்க என்பாள். குளிர் ஒத்துக்கொள்ளாது என்று நான் சொன்னது ஒரு பேச்சுக்குத்தான். மூன்று மாதம் இந்த வீட்டில் நான் தனியாக எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை, பிள்ளையையும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நீ தாய்மாமன், நீ கேட்டால் ஜெஸி சொல்லுவாள். அந்த யூவில் நானும் உண்டா என்று கேட்டு எழுது. தமிழில் கேள்.