கோதண்டபாணியின் ஐந்து மார்க் திட்டம்

கோதண்டபாணி கணக்கு வாத்தியார். பரீட்சைப் பேப்பர் திருத்துவதில் மயிலாப்பூரிலேயே தம்மை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவருடைய அபிப்பிராயம். வேறு யாருக்கும் அந்த அபிப்பிராயம் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த போர்ஷன் கல்யாணராமன் வாரப் பத்திரிகை ஒன்று நடத்தி வந்தார். கம்பெனிகள் அவருக்குச் சாம்பிள் அனுப்பும். பத்திரிகையில் மதிப்புரை வரும். கூந்தல் தைலம் 'மெச்சத்தக்கது'. சோப்பு 'போற்றத்தக்கது'. பல்பொடி 'பாராட்டத்தக்கது'. இந்த மூன்றில் எது உசத்தி என்று வாசகர்கள் கடுதாசி போட்டுக் கேட்டார்கள். எழுதிய கல்யாணராமனுக்கே தெரியவில்லை.

"நீங்கதான் சார் ஒரு வழி பண்ணணும்" என்று நாலு காபிப்பொடிப் பொட்டலங்களோடு வந்து நின்றார்.

கோதண்டபாணி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து திட்டம் தீட்டினார். இன்னொரு டம்ளர் கேட்கத் தோன்றினால் ஐந்து மார்க். தோன்றியும் கேட்காமல் இருக்க முடிந்தால் நான்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை என்றால் மூன்று. மாமனார் வீடாக இருந்தால் மட்டும் குடிக்கலாம் என்றால் இரண்டு. வாசல் தெளிக்கத்தான் லாயக்கு என்றால் ஒன்று.

எழுதி முடித்து, ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு, மனைவி ஜானகியிடம் நீட்டினார்.

"திட்டமெல்லாம் பேஷ். ஆனா மார்க் போடப்போறது யாரு?"

"நான்தான்!"

"ஏன்னா, காபிக்கு நாக்கு மட்டும் இருந்தாப் போறுமா? மூக்கும் வேணுமோன்னோ? உங்க மூக்கைத்தான் இருபது வருஷமாப் பொடி போட்டு அடைச்சு வெச்சிருக்கேளே!"

வாத்தியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரே பேப்பரை ரெண்டு தரம் திருத்தினாலும் ஒரே மார்க் விழணும். அதுதான் நியாயமான அளவுகோல். நாளைக்கு அஞ்சு டம்ளர் கலந்து கொண்டா. நாலுல நாலு பொடி. அஞ்சாவதுல அந்த நாலுல ஏதோ ஒண்ணு, மறுபடியும். எதுல எதுன்னு எனக்குச் சொல்லாதே. அந்த ரெண்டுக்கும் நான் ஒரே மார்க் போட்டுட்டா, ஜன்மத்துக்கும் நீ என் மூக்குப்பொடியைப் பத்தி வாயைத் திறக்கப்படாது!"

"போடலேன்னா?"

"பொடியைத் தலைமுழுகிடறேன்."

"சரி. அடுத்தாத்துக் கல்யாணராமன் பொண்டாட்டி காமாக்ஷி சாக்ஷி."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, கோதண்டபாணிக்கு உள்ளூர உதறல்தான். அவரைப் பொறுத்தவரை சூடாக, பழுப்பாக இருப்பதெல்லாம் காபி. மூக்குப்பொடி போய்விட்டால் அவர் உயிர் எதில் ஒட்டிக்கொண்டிருக்கும்? மறுநாள் குளிக்கும்போது பளிச்சென்று யோசனை உதித்தது. ஐந்துக்கும் மூன்று மார்க் போட்டுவிட்டால்? எது எதற்கு ஜோடியாக இருந்தால் என்ன, ரெண்டுக்கும் ஒரே மார்க்தானே! தம் மூளையைத் தாமே மெச்சிக்கொண்டு, இரண்டு சிட்டிகை கூடுதலாக இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

முதல் டம்ளர். கண்ணை மூடி ரசித்தார். மூன்று. இரண்டாவது. தலையை ஆட்டினார். மூன்று.

மூன்றாவது டம்ளரைத் தூக்கி ஊற்றிக்கொண்டதும் தொண்டை கமறியது. கண்ணில் ஜலம் முட்டியது. இப்படியும் ஒரு கம்பெனி காபிப்பொடி அரைக்குமா? ஆனால் திட்டம் திட்டம்தானே.

"நுரை நன்னாக் கட்டியிருக்கு" என்று சொல்லி மூன்று போட்டார்.

காமாக்ஷி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. நாலாவது மூன்று, ஐந்தாவது மூன்று என்று போட்டு, அடியில் கையெழுத்தும் போட்டார்.

"ஒண்ணாவதும் அஞ்சாவதும் ஒரே பொடி" என்றாள் ஜானகி. "ரெண்டுக்கும் ஒரே மார்க். ஜெயிச்சுட்டேள். இனிமே உங்க மூக்குப்பொடியைப் பத்தி மூச்சு விடமாட்டேன்."

"அப்படி வா வழிக்கு!"

"காமாக்ஷி, இந்தக் காகிதத்தை உங்காத்துக்காரர்கிட்டக் கொடுத்துடுங்கோ, அச்சுல வரட்டும். மூணாவது டம்ளர்ல இருந்தது சீயக்காய்னு மறக்காமப் போடச் சொல்லுங்கோ."

"சீ... சீயக்காயா?"

"நாலு பொடின்னேள். காபிப்பொடின்னு சொல்லலையே! குறை சொல்ல ஒண்ணுமில்லேன்னு மார்க் வேற போட்டிருக்கேள்."

காமாக்ஷி காகிதத்தோடு வாசற்படி வரை போய்விட்டாள். கோதண்டபாணி பாய்ந்து போய் வழிமறித்தார். பள்ளிக்கூடத்தில் பையன்கள் சிரிப்பது இப்போதே காதில் கேட்டது. பேரம் பேச நேரமில்லை. காகிதம் அவர் கைக்கு வந்தது, மூக்குப்பொடி டப்பி ஜானகி கைக்குப் போயிற்று. ஜெயித்தவனே பந்தயப் பொருளைக் கொடுத்த கதை உலகத்தில் அது ஒன்றுதான்.

பாவம், மனுஷர் பட்ட பாடு! கண் எரிந்தது, கை அடிக்கடி இல்லாத டப்பியைத் தேடியது. வகுப்பில் ஏழும் எட்டும் பதினாறு என்று எழுதினார். இருபதாம் நாள் காலையில் மூக்கு திறந்தது. மாடவீதி மல்லிகைப்பூ மணத்தது. எதிர்ச் சாக்கடையும் மணத்தது. அப்புறம் சமையலுள்ளிலிருந்து காபி வாசனை வந்தது பாருங்கள், கோதண்டபாணி அப்படியே உருகிப்போனார்.

ஜானகி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். முகர்ந்து பார்த்தார். அந்த வாசனையைக் காணோம். ஒரு வாய் குடித்தார். வறுத்த புளியங்கொட்டை மாதிரி இருந்தது. கல்யாணமான நாளாகச் சமையலுள்ளை எட்டிப் பார்க்காதவர் நேரே உள்ளே போனார். அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஃபில்டர் உட்கார்ந்திருந்தன.

"இது என்ன, ரெண்டு?"

"சின்னது என்னோடது. பீபரி, உசத்திக் காபிக்கொட்டை, கையால வறுத்து அரைச்சது."

"பெரிசு?"

"உங்களோடது. சிக்கரி."

"எத்தனை நாளா நடக்கறது இது?"

"பன்னெண்டு வருஷமா."

"அடிப்பாவி! கல்யாணம் ஆனதுலேர்ந்தேவா?"

"சேச்சே, முதல் வருஷம் பூரா உங்களுக்கும் பீபரிதான்" என்றாள் ஜானகி. "ஒருநாள் சும்மா மாத்திக் கொடுத்துப் பாத்தேன். 'இன்னிக்குத்தாண்டி நோக்குக் காபி போட வந்திருக்கு'ன்னேள்."