மூன்று மணி ஐந்து நிமிடத்துச் சமாதானம்

வாழ்க்கையில் நான் முழுமையாகப் படித்தது ஒரே ஒரு மனிதரைத்தான். அவர் ருமேனியாவைச் சேர்ந்த ஒரு செஸ் கிராண்ட்மாஸ்டர். எந்த ஊரில் பிறந்தார், எந்த வயதில் நாட்டின் சாம்பியன் ஆனார், எந்தக் கட்டத்தில் ராணிகளை வெட்டிக்கொள்ளப் பார்ப்பார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த அறிவால் உலகத்துக்கு விளைந்தது ஒன்றுதான். என் அத்தான் பத்தொன்பது நாள் உள்ளே இருந்தார்.

சண்டைக் காலம். எனக்கு இருபத்துமூன்று வயது. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜின் இரண்டாம் மாடியில், கடல் தெரியாத பக்கத்து அறையில் அக்காவும் நானும் இருந்தோம். (கடல் தெரியும் அறைக்கு வாடகை கூட. அங்கே பார்ப்பதற்கும் கடற்படைப் படகைத் தவிர ஒன்றும் இல்லை.) அக்கா யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சர். அவளும் அத்தானும் வெளிநாடு போவதற்கு ஒரு தூதரகத்தில் நேர்முகம் கிடைத்திருந்தது. அக்கா ஒரு மாதம் முந்தியே கொழும்புக்கு வந்து பொலிஸில் பதிந்துவிட்டாள். அத்தானோ ராணுவத்தின் பயணப் பாஸ் கிடைக்காமல் வவுனியாவில் இழுபட்டு, நேர்முகத்துக்கு மூன்று நாள் இருக்க, ஒரு சனிக்கிழமை காலையில்தான் ஒரு பையோடும் ஐந்து நாள் தாடியோடும் வந்து சேர்ந்தார்.

வடக்கிலிருந்து வருகிறவர்கள் வந்த கையோடு பொலிஸில் பதிய வேண்டும். பதிந்த துண்டு இல்லாமல் சுற்றிவளைப்பில் அகப்பட்டால் கொண்டு போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களில் சிலர் மறுநாள் வந்தார்கள், சிலர் மறு வருடம் வந்தார்கள். சிலருடைய தாய்மார் இன்னும் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். படிவத்தில் கையெழுத்து வைக்க லொட்ஜ் முதலாளி இரண்டு மணிக்குத்தான் வருவார். பொலிஸில் பதியும் மேசை ஐந்து மணிக்கு மூடிவிடும். எங்கள் மூவரில் சிங்களம் தெரிந்தவன் நான் ஒருவன்.

அதே சனிக்கிழமை மதியம் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் அந்த ருமேனியர் இருபத்தைந்து பேரோடு ஒரே நேரத்தில் விளையாட இருந்தார். குண்டு வெடிக்கிற ஊருக்கு அவர் ஏன் வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பதினேழாவது பலகை என்னுடையது.

"நான் இங்கிலீசிலை கதைச்சு இவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதியட்டோ?" என்று அக்கா கேட்டாள்.

"வேண்டாம் அக்கா. அவங்கள் சிங்களத்திலை ஒண்டைக் கேக்க நீங்கள் வேறை ஒண்டைச் சொன்னால் பிறகு கரைச்சல். நான் வருமட்டும் அறையை விட்டு வெளிக்கிடாதேங்கோ. நாலு மணிக்கு நிப்பன்."

"விளையாட்டு முடியாட்டில்?"

"அந்த மனிசனை எனக்குத் தெரியும் அக்கா. கெதியா ட்ரோவுக்கு வந்திடும்."

அத்தான் பையைத் திறந்து பனங்கட்டி ஒன்றை என் கையில் வைத்தார். "வெண்டு கொண்டு வா தம்பி. நான் எங்கை ஓடப்போறன்?" என்றார்.

அந்த மனிதரை எனக்குத் தெரியும் என்று நான் சொன்னதில் பொய் இல்லை. மருதானையில் பழைய புத்தகம் விற்பவரிடம் வாங்கிய சஞ்சிகைகளிலிருந்து அவருடைய ஆட்டங்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். அவர் பாய்ந்து தாக்குகிற ஆள் இல்லை. ராணிகளை வெட்டிக்கொள்வார், ஒரு சிப்பாயைப் பத்திரமாக முன்னே வைப்பார், பிறகு எதிரி அலுத்துப்போய் ஒரு பிழை விடும்வரை இருப்பார். பிழை வராவிட்டால் கை நீட்டி, ட்ரோ என்று சமாதானமாகப் போய்விடுவார். பெரிய பெரிய போட்டிகளில் தோற்காமலே நடுவில் எங்கோ ஓர் இடத்தில் முடித்திருக்கிறார். முதலிடம் பெரும்பாலும் இல்லை, அவமானமும் இல்லை. (இப்படி ஒரு ஆளைத்தான் நம்முடைய சனம் பெண் கொடுக்கத் தேடும்.) ஆனால் நான் இன்னும் ஆழமாக ஆராய்ந்து, எந்தச் சஞ்சிகையும் சொல்லாத ஒரு கொள்கையைக் கண்டுபிடித்திருந்தேன். தன் பக்கம் பலவீனமாகும்போதுதான் அவர் கை நீட்டுகிறார் என்பது அது.

ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. நேரில் பார்த்தால் குள்ளமான, களைத்த மனிதர். கோட்டுக்குள் வியர்த்து ஊற்றியது. நான் இருபது நகர்த்தல் வரை மிகவும் ஒழுங்காக விளையாடினேன். இருபத்தோராவது நகர்த்தலில் அவர் என் பலகைக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். முகத்தைத் துடைத்தார். கையை நீட்டினார்.

"ட்ரோ?"

நான் மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று ஐந்து. அந்தக் கையைப் பிடித்திருந்தால் புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து காலி வீதியால் இன்னொரு பஸ், இடையில் இரண்டு சோதனைச் சாவடி. எப்படியும் நாலேகாலுக்கு லொட்ஜ். அத்தான் பதிந்திருப்பார், நானும் ஒரு கிராண்ட்மாஸ்டரோடு சமன் செய்தவனாக செத்தாலும் சொல்லிக்கொண்டு செத்திருப்பேன்.

நான் தலையை ஆட்டி மறுத்தேன். மனுசன் பயந்துவிட்டான் என்று உள்ளே ஒரு குரல் துள்ளியது. அதோடு நின்றேனா? பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக, நகர்த்தல் எழுதும் தாளில் இருபத்தோராம் வரிக்குப் பக்கத்தில் சமநிலைக் குறியைப் போட்டு, 3.05 என்று நேரத்தையும் எழுதி, கீழே கோடும் இழுத்தேன்.

நாலேகாலுக்கு ஒரு சிப்பாய் போனது. நாலரைக்குத் தோல்வி என்று தெரிந்துவிட்டது. அப்போதாவது எழும்பியிருக்கலாம். ஓட்டோ பிடித்தால் ஐந்துக்குள் போயிருக்கலாம். நான் எழும்பவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அத்தானை நான் மறக்கவில்லை. நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். நினைத்துக்கொண்டே அடுத்த நகர்த்தலையும் யோசித்தேன்.

ஐந்தே முக்காலுக்கு என்னைத் துடைத்து முடித்துவிட்டு, அவர் என் தாளில் கையெழுத்துப் போட்டார். நான் பொறுக்கமாட்டாமல், மூன்று மணிக்கு ஏன் ட்ரோ கேட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் ஓட்டை ஆங்கிலத்தில், "தேநீர்" என்றார். "களைப்பு. நாலைந்து பலகையில் கேட்டேன். எல்லாரும் சரி என்றார்கள். நீ மட்டும் இல்லை."

லொட்ஜுக்கு வந்தபோது அக்கா படிக்கட்டில் இருந்தாள். கையில் முதலாளி கையெழுத்து வைத்த படிவம் இருந்தது.

"அஞ்சரைக்கு றோட்டை மறிச்சு லொட்ஜுக்குள்ளையும் ஏறிட்டாங்கள். இவரோடை எட்டுப் பேரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்றாள். "நீ வருவாய் எண்டு அவர் சேட்டெல்லாம் மாத்திக்கொண்டு இருந்தவர்."

"விளையாட்டை இடையிலை விடேலாமல் போச்சு அக்கா. வெளிநாட்டுக்காரரை அவமதிச்ச மாதிரி வரும்" என்றேன். அக்கா அதை நம்பினாள். கணக்கு ரீச்சர்தான், ஆனால் செஸ் தெரியாது.

மறுநாள் காலை இருவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். என் பெயரைச் சொன்னதும் வாசலில் நின்ற சார்ஜன்ட் சிரிக்கத் தொடங்கினார். உள்ளே திரும்பி, "செஸ்காரன் வந்திருக்கிறான்!" என்று சிங்களத்தில் கூப்பிட்டார். இரண்டு பேர் என்னைப் பார்க்க வெளியே வந்தார்கள். பதியாததற்குக் காரணம் கேட்டு அடித்தபோதெல்லாம், மச்சான் செஸ் விளையாடப் போயிருக்கிறான், இப்போது வந்துவிடுவான் என்று அத்தான் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். இப்படி ஒரு பொய்யை அந்தப் பொலிஸ் அதற்குமுன் கேட்டதில்லையாம்.

இன்ஸ்பெக்டரிடம் கூட்டிப் போனார்கள். அத்தாட்சி கேட்டார். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். எழுத்தும் இலக்கமுமாக நிறைந்த தாள். நீட்டிய பிறகுதான், இதை எந்தப் பொலிஸ்காரனும் ரகசியக் குறியீடு என்றுதான் நினைப்பான் என்று உறைத்தது. (அங்கேயே ஒண்ணுக்குப் போயிருப்பேன், அக்கா பக்கத்தில் நின்றதால் தப்பினேன்.)

அவர் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். பாடசாலைக் காலத்தில் செஸ் அணியில் இருந்தாராம். விரல் இருபத்தோராம் வரியில் நின்றது.

"மல்லி, இங்கே அவர் ட்ரோ கேட்டிருக்கிறாரா?" என்று சிங்களத்தில் கேட்டார். (மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.)

"ஓம் சேர்."

"மூன்று ஐந்துக்கு?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"ஆட்டம் சமன்தானே. ஏன் எடுக்கவில்லை? ஐந்து மணிக்கு முன் வந்திருந்தால் நானே பதிந்து அனுப்பியிருப்பேன். இப்போது விடியவே வேறு இடத்துக்கு ஏற்றியாச்சு. இனி என் கையில் இல்லை."

"என்னவாம்? அவர் என்ன சொல்லுறார்?" என்று அக்கா என் கையைப் பிடித்தாள்.

நான் மொழிபெயர்த்தேன். "தாள் சரியாம் அக்கா. ஆனால் நேற்று எப்பிடியும் பதிஞ்சிருக்கேலாதாம்."

இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழ் தெரியாவிட்டாலும், நான் சொன்னது மிகவும் சுருக்கமாக இருந்தது அவருக்கு விளங்கிவிட்டது. அக்காவைப் பார்த்து ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "மூன்று மணிக்கு இவர் எழும்பி வந்திருக்கலாம். எதிரே விளையாடியவர் போகச் சொன்னார். இவர்தான் போகவில்லை."

அக்கா என் கையை விட்டாள். தாளை அவரிடமிருந்து வாங்கி, நாலாக மடித்து, தன் கைப்பைக்குள் வைத்தாள். அன்று முழுக்க ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நேர்முக நாள் வந்து போனது. பத்தொன்பதாம் நாள் அத்தான் வந்தார். கதவைத் திறந்தவன் நான்.

"தம்பி, வெண்டனியோ?" என்றார்.

"இல்லை அத்தான்."

"ட்ரோவோ?"

"அதுவும் இல்லை."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் முன்பல் இரண்டு இல்லாதது தெரிந்தது. இடது காது கேட்காது என்பது பிறகு தெரிந்தது. அடுத்த நேர்முகம் கிடைக்க இரண்டு வருடம் ஆனது.

இப்போது அவர்கள் கனடாவில் இருக்கிறார்கள். அத்தான் எதையும் உரத்துத்தான் கதைப்பார். எங்களுக்குள் எதிலாவது வாக்குவாதம் வந்தால், அது அரசியலாக இருந்தாலும் ஆட்டிறைச்சியாக இருந்தாலும், நடுவில் கையை நீட்டி "ட்ரோவோ தம்பி?" என்பார். நான் பாய்ந்து பிடித்துக்கொள்வேன். வீடு முழுக்கச் சிரிக்கும். மருமக்களும் இதைப் பழகிவிட்டார்கள். போன முறை நான் போனபோது சின்னவன் கை நீட்டியே என் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டான்.

அந்தத் தாள் இன்னும் அக்காவிடம்தான் இருக்கிறது. எல்லாரும் சிரிக்கும்போது அவள் எழும்பி, தேநீர் போடவென்று குசினிக்குள் போய்விடுவாள். அக்கா மட்டும் இத்தனை வருடத்தில் ஒருமுறையும் என்னிடம் கை நீட்டவில்லை. நீட்டினால் இந்த முறை நான் யோசிக்க மாட்டேன்.