ஆமையோடுதான் ஆமை போகும்

"சார், நீங்க ஆமை. பாப்பா ஒட்டகச்சிவிங்கி. வெளிய விட முடியாது."

வரவேற்பு மேசையில் இருந்த பெண் இதைக் கோபமாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. ரயில் தாமதமாக வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்களே, அந்த மாதிரி சொன்னாள்.

லிஃப்ட் மெக்கானிக் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பச்சை வளையம். அதில் ஓர் ஆமை சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கென்ன, வீட்டை முதுகிலேயே வைத்திருக்கிறது, நினைத்த இடத்தில் படுத்துவிடலாம். மகளின் மணிக்கட்டைப் பார்த்தார். மஞ்சள் வளையம். அதில் கழுத்தை நீட்டியபடி ஓர் ஒட்டகச்சிவிங்கி.

"பாப்பா, உன் ஆமை எங்கே?"

"ஒரு பையன்கிட்ட குடுத்துட்டேன்."

"எந்தப் பையன்?"

"ஓடற பையன்."

மெக்கானிக் உள்ளே திரும்பிப் பார்த்தார். உள்ளே இருந்த எல்லாப் பையன்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அது குழந்தைகளுக்கான உள்ளரங்க விளையாட்டுக் கூடம். ஒரு பக்கம் பந்துக் குளம், நடுவில் குழாய்களும் வலைகளும் சறுக்குகளுமாக மூன்று மாடிக் கோபுரம், ஓரத்தில் பெற்றோர் உட்காரப் பெஞ்சு. நுழையும்போதே பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒரே மிருகம் போட்ட வளையத்தை மாட்டிவிடுவார்கள். போகும்போது மிருகம் பொருந்தினால்தான் கதவு திறக்கும். குழந்தை வளையம் ஒட்டுப்பட்டை, பிய்த்தால் வந்துவிடும். பெரியவர் வளையத்துக்குப் பூட்டு உண்டு. அதன் குட்டிச் சாவி அந்தப் பெண்ணின் கழுத்தில் தொங்கியது.

"ஏம்மா, எங்களுக்கு மட்டும் பூட்டு?" என்று வந்தபோதே கேட்டிருந்தார் மெக்கானிக்.

"குழந்தைங்க எங்கயும் ஓடிப் போக மாட்டாங்க சார்" என்று பதில் வந்தது.

இப்போது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது என் பொண்ணும்மா. மூக்கைப் பாரு. அப்படியே என் மூக்கு."

"மூக்கெல்லாம் ரூல்ல இல்ல சார். பொருந்தலைன்னா வீட்டுக்குப் போன் பண்ணிக் கேக்கணும். பாப்பாவோட அம்மா நம்பர் என்கிட்ட இருக்கு."

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அதை மட்டும் பண்ணிடாதேம்மா."

அவர் மனைவி நர்ஸ். இந்த மாதம் முழுக்க இரவுப் பணி. முந்தின சனிக்கிழமையும் அவரைத்தான் மகளோடு இங்கே அனுப்பினாள். மாற்று உடுப்பு எங்கே என்று கேட்டுப் போன் செய்தார். அது அவர் தோளில் தொங்கிய பையிலேயே இருந்தது. பாப்பா அழுகிறாள், என்ன செய்யட்டும் என்று மறுபடி செய்தார். தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். அப்புறம் போன் செய்வது தொல்லையாக இருக்குமே என்று நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். அவள் அப்போதுதான் கண் அயர்ந்திருந்தாள்.

அன்றிரவு நடந்ததை மறுநாள் அவளே சொன்னாள். "தூக்கக் கலக்கத்துல, நோயாளியை விட்டுட்டு, பார்க்க வந்தவருக்கு பிரஷர் பார்த்து, ஊசியும் எடுத்துட்டேன். அவர் எழுந்து ஓடினதால பிழைச்சார். என்னங்க, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என் வேலை போயிடும்."

"அடுத்த சனிக்கிழமை பாரு. நீ நிம்மதியா தூங்கு. ஒரு போன் வராது. நான் தனியா சமாளிக்கறேன்."

அவள், பத்து வருஷம் வார்டில் வேலை பார்த்தவர்கள், நாளைக்கே எழுந்து நடந்துவிடுவேன் என்கிற நோயாளியைப் பார்க்கும் பார்வையில் பார்த்தாள். இன்று கிளம்பும்போது மகளின் காதில் ஏதோ சொன்னாள். மகளும் தலையாட்டினாள். என்ன என்று கேட்டதற்கு, "அப்பாவைப் பார்த்துக்கோன்னு சொன்னேன்" என்றாள்.

உண்மையில் மெக்கானிக்குக்கு ஒரு ரகசியத் திட்டம் இருந்தது. அவரும் ராத்திரி தூங்கவில்லை. ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு கல்யாணக் கோஷ்டியை வெளியே எடுப்பதற்குள் விடிந்துவிட்டது. கொஞ்ச நேரம் விளையாடவிட்டு, சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய், மகளைப் படம் பார்க்க உட்காரவைத்து, சோபாவில் சாய்ந்துவிடலாம். மனைவிக்குத் தெரியவே தெரியாது. அந்தத் திட்டத்துக்குக் குறுக்கேதான் இப்போது ஓர் ஒட்டகச்சிவிங்கி நின்றது.

"பதட்டப்படாதீங்க சார். அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும்" என்றாள் வரவேற்புப் பெண்.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வருஷக்கணக்காக அவர் சொல்லிவரும் பொய் அது. வார்த்தை மாறாமல் இருந்தது.

முதலில் ஒட்டகச்சிவிங்கியின் சொந்தக்காரரைத் தேடினார். பெஞ்சின் மூலையில் குட்டையாக, அகலமாக ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கையில் மஞ்சள் வளையம். தூக்கத்திலும் வலது கால் அவ்வப்போது தரையை அழுத்தியது.

"சார், நீங்க பஸ் டிரைவரா?"

அவர் திடுக்கிட்டு விழித்தார். "இறங்கணும்னா முன்னாடியே சொல்லக் கூடாதா?"

விஷயத்தை விளக்கியதும் டிரைவர் தன் பையனைக் கூப்பிட்டார். அவன் கையில் ஆந்தை இருந்தது. ஆந்தைக்குரியவர் ஒரு வாத்தியார். பெஞ்சின் மறு கோடியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவர் மகளின் கையில் ஒன்றுமே இல்லை.

"ஆமை எங்கம்மா?" என்றார் மெக்கானிக்.

"மேல இருக்கு அங்கிள்" என்று கோபுரத்தின் உச்சியைக் காட்டிவிட்டு அவள் ஓடிவிட்டாள். கூடவே மற்ற இரண்டு குழந்தைகளும்.

"இதுக்கெல்லாம் ஒரு ஒழுங்குமுறை வேணும் சார்" என்ற வாத்தியார், மேசையிலிருந்த மைக்கைக் கேட்டு வாங்கினார். "பிள்ளைகள் எல்லாரும் உயரப்படி வரிசையில் நிற்கவும்! கையை முன்னால் நீட்டவும்!"

அதுவரை கண்ணில் பட்டுக்கொண்டிருந்த பத்திருபது குழந்தைகளும் நொடியில் மாயமானார்கள். குழாய்களுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. விடுமுறை நாளில் வாத்தியார் குரல் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

"நானே ஏறிப் பார்க்கறேன்" என்றார் மெக்கானிக். "இருபது மாடி லிஃப்ட் கிணத்துல இறங்கி ஏறுறவன். இது என்ன, பிளாஸ்டிக்."

முதல் மாடி சுலபமாக இருந்தது. இரண்டாவது மாடியில் வலை, காலில் இருந்த சாக்ஸ் ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டது. மூன்றாவது மாடிக்குப் போகும் குழாயில் தலை போனது, தோள் போனது, வயிறு போகவில்லை. பின்னால் வரலாமா என்று பார்த்தார். அதுவும் முடியவில்லை.

"சார், முன்னாடி போங்க சார், இடம் இருக்கு!" என்று கீழிருந்து கத்தினார் டிரைவர். தொழில் பழக்கம்.

"மூச்சை வெளிய விடுங்க. இடுப்பை இடப்பக்கம் சாய்வா..." என்று வாத்தியார் வழிமுறை சொன்னார்.

குழாயின் மறு முனையில் சின்னச் சின்ன முகங்களாகக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அன்றைய விளையாட்டுகளிலேயே இதுதான் சிறந்தது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. மகள் மட்டும் பக்கத்தில் தவழ்ந்து வந்து அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"பதட்டப்படாதீங்கப்பா. கதவைத் தட்டாதீங்க. அஞ்சு நிமிஷத்துல ஆள் வந்துடும்."

"வீட்ல நான் போன்ல பேசறதெல்லாம் கேட்டுட்டே இருப்பியா?"

"ஆமாம்" என்று சொல்லி, குனிந்து தன் கணுக்காலைச் சொறிந்துகொண்டாள்.

"என்னம்மா, சாக்ஸ் கடிக்குதா?"

"இல்லப்பா, இல்லப்பா" என்று காலைச் சட்டென்று மடக்கிக்கொண்டாள்.

டிரைவர் பின்னாலிருந்து ஏறிவந்து, பழுதான பஸ்ஸைத் தள்ளுவதுபோல் தோளைக் கொடுத்துத் தள்ளினார். மெக்கானிக் குழாயிலிருந்து விடுபட்டு, நேராகச் சறுக்கில் விழுந்து, தலைகுப்புறப் பந்துக் குளத்தில் இறங்கினார். பந்துகள் அவர்மேல் மூடிக்கொண்டன. உள்ளே இதமான இருட்டு. நாலு திசையிலும் மெத்து மெத்தென்று இருந்தது. இப்படியே கண்ணை மூடிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார்.

"அங்கிள், ஆமை கீழ விழுந்துடுச்சாம்! பந்துக்குள்ள தேடுங்க!" என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது.

தேடினார்கள். மூன்று பேரும் முழங்கால் போட்டுத் தேடினார்கள். ஒரு மூக்குக் கண்ணாடி, யார் வீட்டுச் சாவியோ ஒன்று, ஜோடியில்லாத சாக்ஸ்கள், பாதி கடித்த பிஸ்கட் எல்லாம் கிடைத்தன. ஆமை கிடைக்கவில்லை.

"ஏன் சார்," என்றார் வாத்தியார், தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பிள்ளைங்க வளையத்தைத் தேடுறதுக்குப் பதிலா நம்ம வளையத்தை மாத்திக்கிட்டா என்ன? உங்க பொண்ணு ஒட்டகச்சிவிங்கிதானே? டிரைவர் சார் வளையத்தை நீங்க போட்டுக்கங்க."

படித்தவர் படித்தவர்தான் என்று மற்ற இருவருக்கும் தோன்றியது. வரவேற்புப் பெண் சாவியைத் தர மறுத்துவிட்டாள். மெக்கானிக் தன் பையைத் திறந்தார். மாற்று உடுப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் அடியில் எப்போதும் ஒரு கட்டிங் பிளேயர் இருக்கும். டக், டக், டக். மூன்று வளையங்களும் அறுந்தன. அவர் மஞ்சள் வளையத்தைக் கையில் சுற்றிப் பிடித்தபடி மகளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"இப்ப பாரும்மா! ஒட்டகச்சிவிங்கிக்கு ஒட்டகச்சிவிங்கி!"

"பாப்பா கையில ஆந்தை இருக்கு சார்."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். ஆந்தை, உருண்டைக் கண்ணால் அவரைத் திருப்பிப் பார்த்தது.

"பாப்பா! ஒட்டகச்சிவிங்கி எங்கே?"

"அது பழசுப்பா."

வரவேற்புப் பெண் அறுந்த வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். "பெரியவங்க வளையத்தை அறுத்தா கண்டிப்பா வீட்டுக்குச் சொல்லணும் சார். இப்ப மூணு வீட்டுக்கும் சொல்லணும்."

"வேண்டாம்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் அலறினார்கள். வாத்தியாரின் குரல் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்தது.

"ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியமா இருக்கு சார்" என்றாள் அவள், பேனா மூடியைக் கடித்தபடி. "மத்த நாள்ல எல்லாம் அம்மாக்கள்தான் கூட்டிட்டு வர்றாங்க. ஒருநாள்கூட வளையம் மாறினதில்ல. சனிக்கிழமை, அப்பாக்கள் வந்தாத்தான் இப்படி."

மூவரும் தலை குனிந்தார்கள். டிரைவர் தரையை மெதுவாக ஒருமுறை அழுத்தினார்.

அவள் தொலைபேசியைக் கையில் எடுத்தாள். மெக்கானிக் அதன்மேல் கையை வைத்தார். அவர் நெற்றியில் வலையின் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. ஒரு காலில் சாக்ஸ் இல்லை.

"இங்க பாரும்மா. நான் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்னுதான் அவசரப்பட்டேன். அது என் தப்பு. அவ ராத்திரி டூட்டிக்குப் போகணும். போன வாரமும் என்னாலதான் தூங்கல. எங்களை வெளிய விடவே வேண்டாம். அவளா எழுந்து, எங்கே காணோம்னு தேடுற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இங்கேயே இருக்கோம். நீ போன் மட்டும் பண்ணாதே."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்த மாதிரி இருந்தது.

மெக்கானிக் குழந்தைகளுக்கான குட்டி முக்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தார். முழங்கால்கள் காதுவரை வந்தன. மகள் பிளாஸ்டிக் கோப்பையில் இல்லாத தேநீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றார். இன்னொரு கோப்பை கொடுத்தாள். அதையும் குடித்தார். பொம்மைக்குக் காய்ச்சல் என்றாள். தொட்டுப் பார்த்து, ஆமாம், நல்ல காய்ச்சல் என்றார். லிஃப்ட் கட்டி விளையாடலாம் என்றாள். அட்டைப் பெட்டிக்குள் பொம்மையை வைத்து மேலும் கீழும் இழுத்தார்கள். பெட்டி நடுவில் நின்றுபோனது. அவரே பழுது பார்த்தார். டிரைவர் மறுபடி உட்கார்ந்தபடியே தூங்கிப் போனார். வாத்தியார் பாக்கி விடைத்தாள்களை எடுத்தார். கூடத்தின் ஜன்னல் கண்ணாடியில் வெயில் சாய்ந்து, மஞ்சளாகி, மங்கியது. தான் இன்னும் ஒரு போன்கூடச் செய்யவில்லை என்பது மெக்கானிக்குக்கு மெல்ல உறைத்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது மேசையில் தொலைபேசி மணி அடித்தது.

வரவேற்புப் பெண் எடுத்தாள். "சொல்லுங்கக்கா... ம்... நல்லா தூங்கினீங்களா?... சாரா? இங்கதான் இருக்கார், எங்கயும் விடல... சரிக்கா, அனுப்பிடறேன்" என்று பேசி வைத்துவிட்டு, மெக்கானிக்கின் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, கையைத் தட்டிக் கூப்பிட்டாள்:

"பாப்பா! அம்மா எழுந்துட்டாங்களாம். சாக்ஸுக்குள்ள வெச்சிருக்கிற ஆமையை எடுத்து மாட்டிக்கோ!"