கடைசி முறைத் தண்ணீர்

விசுவமடு,
12.06.1979

அன்புள்ள கமலேஸ்வரி அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் புளியங்குளத்தில் சுகமாயிருக்கப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.

முதலில் நன்றி. நீங்கள் சேலைத் தலைப்பில் முடிந்து தந்த மிளகாய் விதை ஒன்றுவிடாமல் முளைத்தது. அடுத்தது மன்னிப்பு. முளைத்ததெல்லாம் கருகிவிட்டது. காரணம் நான். இங்குள்ள விவசாயிகளின் கமக்காரர் சங்கத் தலைவரான நான்.

முதற் கூட்டத்தில் பேசினேன். பல்கலைக்கழகத்தில் கேட்ட விரிவுரைகளின் நினைவில். "குளத்துத் தண்ணீர் இறைக்க ஒரே இயந்திரம். தோட்டம் இருபத்திரண்டு. தலைவனுக்குக் கடைசி முறை." கைதட்டினார்கள். சட்டமாக எழுதவைத்தார்கள். தலைவர் பதவிக்கு வேறு ஒருவரும் போட்டியிடவில்லை. ஏனென்று அப்போது விளங்கவில்லை.

பிறகு ஒன்பதாம் முறையில் இயந்திரத்தைச் சுழற்றும் பெல்ற் அறுந்து, கிளிநொச்சிக்குப் போன எங்கள் சங்கத்துப் பொன்னையா அண்ணை அளவு பிழையாக வாங்கிவந்து, மாற்றப் போய், பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த நாள் வந்து பூட்டி, எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கையில் டீசல் முடிந்து, என் கன்றுகள் தலை கவிழ்ந்தன. டீசல் வந்ததும் அடுத்த முறை, மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய வீரையா அண்ணைக்கு. வெட்கத்தை விட்டு அவரிடம் போனேன்.

"அண்ணை, இந்த ஒருக்கா உங்கட முறையை எனக்குத் தாறியளோ?"

அவர் சிரித்தார். "நம்மளச் சோதிக்கிறீங்களா தலைவரே? ஏமாற மாட்டோம்."

அவர் மனைவி வடிவம்மா சிரிக்கவில்லை. "நாங்க இருந்த தேயிலைத் தோட்டத்துல கங்காணி வீட்டுக்குத்தான் மொதத் தண்ணி. கடைசியா நிக்கிற தலைவர இப்பதான் பாக்குறோம். கெடுத்துறாதீங்க தம்பி."

சோதனைதான் என்றேன். பொய்.

கன்றுகள் கருகிய மறுநாள் விடிய, வேலியோரம் ஈரச் சாக்குகள். உள்ளே இருபத்தொரு வீட்டுக் கன்றுகள். அவர்களே நட்டார்கள். வந்த டீசலை ஊற்றி இயந்திரத்தையும் என் பக்கம் திருப்பினார்கள்.

"சட்டம்?" என்றேன்.

"நட்ட கண்டெல்லாம் எங்கட. அப்ப இது தலைவர்ட தோட்டமில்லை. நீர் தள்ளி நில்லும்," என்றார் பொன்னையா அண்ணை.

தள்ளி நின்றேன். கண் கலங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன். எந்தக் கன்று நீளமாய்க் காய்க்கும், எது குண்டாய்க் காய்க்கும், தெரியாது. எல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன.

ஆனாலும் அக்கா, இவ்வளவு நல்ல மனிதர்களுக்குத் தலைமை தாங்க எனக்குத் தெம்பில்லை. இராஜினாமா எழுதிவிட்டேன். அத்தான் சொன்ன அலுவலக லிகிதர் வேலைக்கு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
தங்கராசா

பி.கு.: வெள்ளிக்கிழமை வரமாட்டேன். வீரையா அண்ணை இராஜினாமாவை வாசித்துவிட்டு மடித்துத் தந்தார். "தாராளமாப் போங்க. ஆனா முறைப்படி. நாங்க இருவத்தோரு பேரும் போன பொறகு."

விதை மிச்சமிருந்தால் அனுப்புங்கோ.