மேனேஜரம்மாவின் வெள்ளைப் பூனை

குமாஸ்தாவின் மனைவி பூனையின் கழுத்து ரோமத்தை விலக்கிப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள்.

"என்னங்க, இதுக்குப் பேன்! ஈரு வேற அப்பிக்கிடக்கு!"

"மெதுவாப் பேசு. பேனைப் பெருமாளாக்காதே," என்றார் குமாஸ்தா.

பூனை மேனேஜரம்மாவுடையது. வெள்ளை வெளேரென்று புசுபுசு ரோமம். ஊருக்குப் போவதாகச் சொல்லி லீவு போட்ட அந்த அம்மாள், ஆபீஸில் அத்தனை பேர் இருக்க இவரைக் கூப்பிட்டு, "உங்க வீட்ல விட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று கூடையோடு ஒப்படைத்திருந்தார். ஹெட்கிளார்க் நாற்காலி காலியாக இருக்கிற சமயம் வேறு. அதில் யார் உட்காருவது என்று முடிவு செய்வதும் அவர்தான்.

"நம்ம பொண்ணுங்க தலையிலேர்ந்துதான் ஏறியிருக்கும்."

"அதெப்படி? போன ஞாயித்துக்கிழமை நானே உக்காந்து ரெண்டு தலையையும் சுத்தம் பண்ணேனே! ஆபீஸ்ல சாப்பிடும்போது எல்லார்கிட்டயும் பெருமையாச் சொன்னேன்டீ."

"நம்ம வீட்ல வந்த பேன்னு தெரிஞ்சா அந்தம்மா உங்களுக்கு நாற்காலி குடுக்காது. இருக்கற ஸ்டூலையும் புடுங்கிக்கும்."

மகள்களுக்குப் பலித்த வைத்தியம் பூனைக்கும் பலிக்கும் என்று குமாஸ்தா முடிவு செய்தார். நன்றாக எண்ணெய் தடவிப் பேன் சீப்பால் ஓர் இழுப்பு இழுத்தார். பூனை அவர் முழங்கையைப் பிராண்டிவிட்டுச் சோபா, திரைச்சீலை, இஸ்திரி போட்ட சட்டை எல்லாவற்றிலும் எண்ணெயைப் பூசிக்கொண்டே ஓடியது.

எண்ணெய் போக ஷாம்பு போட்டார். காய்ந்ததும் ரோமம் முழுக்கச் சிக்கு. அத்தனை சிக்கிலும் ஈரு.

"ஒரே ஒரு சிக்கை மட்டும் வெட்டிடறேன்," என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

வெட்டிய இடம் பள்ளமாகத் தெரிந்தது. சரிக்கட்ட மறுபக்கம் வெட்டினார். அந்தப் பக்கம் இன்னும் ஆழமாகிவிட்டது. கடைசியில் தலையும் வால் நுனியும்தான் மிஞ்சின.

"அப்பா, சிங்கம்!" என்று கைதட்டினாள் சின்னவள்.

குமாஸ்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாகக் காத்திருந்த நாற்காலி.

அப்போது வாசல் மணி அடித்தது. மேனேஜரம்மாவின் டிரைவர் நின்றிருந்தார்.

"பூனையைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க சார்."

குமாஸ்தா கூடையை நீட்டினார். டிரைவர் மூடியைத் திறந்தார். திடுக்கிடவில்லை. பூனையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பி, காதுக்குப் பின்னால், அக்குளில், வாலடியில் எல்லாம் நிதானமாகத் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணுகூட இல்ல!" என்றார் வியப்போடு.

"அம்மா... ஊர்லேர்ந்து வந்துட்டாங்களா?"

"எந்த ஊரு? அம்மா வீட்லதான் சார் இருக்காங்க. பேன் எடுக்கறதுல உங்களை மிஞ்ச ஆளில்லைன்னு ஆபீஸ்ல காதுல விழுந்துதாம், அதான் அனுப்பினாங்க. வண்டியில இன்னும் ரெண்டு பூனை இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?"