வூஃபர் மதினி சத்தத்தைக் குறைக்கவில்லை

சங்கரன்கோவிலில் இதுவரை பிறந்தவர்கள், இனிமேல் பிறக்கப் போகிறவர்கள் எல்லாரையும் கோயில் மதிலைச் சுற்றி வரிசையாக நிறுத்தினாலும், வூஃபர் மதினியைச் சத்தத்தைக் குறைக்கச் செய்யும் ஆள் ஒருவர்கூட அதில் தேறமாட்டார். தாசில்தார் முயன்று பார்த்தார். போலீஸ் முயன்று பார்த்தது. பெற்ற மகனும் முயன்று பார்த்தான். பக்கத்து வீட்டில் குடியிருந்த நான் மட்டும் முயலவே இல்லை. எனக்கு உயிர்மேல் ஆசை உண்டு.

மதினிக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தெருவில் யாருக்கும் அது தெரியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த காலத்தில் ஊரே அவர் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற அன்று, "இனிமே நான் கேக்க நெனச்சத மட்டுந்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். தென்காசியில் இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய லாட்ஜிலிருந்து, பீரோவுக்குத் தம்பி மாதிரி இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து மாடியில் ஏற்றினார்.

வூஃபர் என்பது அந்தப் பெட்டிக்குள் அடித்தொண்டையில் பேசும் பெரிய வட்டம். வயதானால் அதன் விளிம்பில் இருக்கும் ஸ்பாஞ்சு வளையம் உளுத்து உதிர்ந்துவிடும். மதினி நேராக ஹார்டுவேர் கடைக்குப் போனார்.

"அண்ணாச்சி, எங்க வூஃபருக்கு வாயச் சுத்திக் கிழிஞ்சு போச்சு. ஒட்டுததுக்கு நல்ல பசையா ஒண்ணு குடுங்க."

கடைக்காரர் பதறிவிட்டார். "ஐயய்யோ, பசையெல்லாம் போட்டுராதிய மதினி! மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. வலியில கடிச்சு வச்சிரப் போவுது."

சாயங்காலத்துக்குள், மதினி வீட்டு மாடியில் ஒரு சீமை நாய் இருப்பதாகத் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஆளாளுக்கு மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். மதினி புது வளையம் வெட்டி ஒட்டி, முதல் பாட்டைப் போட்டபோது எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி உதறியது. நாய் எவ்வளவோ தேவலை என்று தெருவுக்கு அன்றுதான் தெரிந்தது.

அதிலிருந்து மதினியின் சமையலறையில் இரண்டு தொழில்கள் நடந்தன. ஓர் அடுப்பில் சாம்பார் கொதிக்கும். பக்கத்திலேயே ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் காயும். பழைய ஜப்பான் ஆம்ப்ளிஃபையர் ஒன்று வயிறு திறந்து கிடக்கும். கண்டன்சர் என்கிற, செத்துப்போன குட்டி டப்பாக்களைப் பல் பிடுங்குவதுபோலப் பிடுங்கிக்கொண்டிருப்பார். தொழில் கற்றுக்கொடுத்தது, செல்போன் வீடியோவில் வரும் ஒரு கிழட்டு ஜெர்மன்காரர்.

"அவர் பேசுறது உங்களுக்குப் புரியுதா மதினி?" என்று கேட்டேன்.

"வாயி என்னமும் பேசிட்டுப் போவுது தம்பி. கையப் பாத்தா போதாதா?"

ஒருநாள் பாட்டுக் கேட்க என்னை மாடிக்கு அழைத்தார். அழைப்பில் மரியாதை இருந்தது, நிபந்தனைகளும் இருந்தன. செல்போனை அணைக்க வேண்டும். கால் ஆட்டக் கூடாது. முறுக்கு வைப்பார், ஆனால் பாட்டு முடியும்வரை கடிக்கக் கூடாது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒரே ஒரு மர நாற்காலி. அதில் என்னை உட்கார்த்தி, ரிக்கார்டு பிளேயரின் ஊசியைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல இறக்கினார். கச்சேரி முடிந்ததும் பரீட்சை ஆரம்பமானது.

"எப்படி இருந்துது?"

"பாட்டு ரொம்ப நல்லா இருந்தது மதினி."

"பாட்ட விடுங்க. பல்லவிக்கு முன்னால மிருதங்கக்காரரு தொண்டையச் செருமினாரே, கேட்டுச்சா?"

கேட்கவில்லை. மறுபடியும் போட்டார். எங்கோ ஓர் ஆள், என்றோ ஒரு நாள், செருமினார். மதினியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "மனுசன் இங்கன, நம்ம பக்கத்துல உக்காந்திருக்காம்லா தம்பி!" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதன்பிறகுதான் முறுக்கைக் கடிக்க அனுமதி கிடைத்தது.

எங்கள் தெருவில் வரிசையாக விசைத்தறிக் கூடங்கள். விடிந்ததிலிருந்து சடக் சடக்கென்று பூமி ஆடும். அதற்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் எவ்வளவு வைக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எதிர் வரிசையில் புது வீடு கட்டிக் குடிவந்த ரிட்டயர்டு தாசில்தாருக்குத் தறிச் சத்தத்தில் தூக்கம் வந்தது. மதினியின் பாட்டில் வரவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார். மதினி என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"என்னம்மா, பாட்டச் சத்தமா வைக்கியளாமே?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"ஆமா சார். மெதுவா வச்சா கேக்காதுல்லா? தெரு பூராம் தறி ஓடுது."

"தறி தொழிலும்மா."

"தொழிலுக்குன்னா சத்தம் போடலாம், ஒரு பொம்பள சந்தோசமா இருக்கதுக்குச் சத்தம் போடக் கூடாதோ? தறிய நிறுத்தச் சொல்லுங்க, அடுத்த நிமிசம் நானும் நிறுத்துதேன்."

பாதி ஊரை நிறுத்தச் சொல்கிறார் என்று சப் இன்ஸ்பெக்டருக்குப் புரிந்துவிட்டது. "கதவையாவது சாத்திட்டு வைங்கம்மா" என்றார்.

"சாத்துனா அந்த அடித்தொண்டச் சத்தம், பாஸு, உள்ளயே கெடந்து குமையும் சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "பகல்லதான வைக்காங்க, விடுங்க சார்" என்று தாசில்தாருக்குப் போன் செய்துவிட்டு எங்களை அனுப்பிவைத்தார். மதினி வீட்டுக்கு வந்து போட்ட பாட்டில் அன்று நாதஸ்வரம், தவில் எல்லாம் இருந்தன.

தாசில்தார் சளைக்கவில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மதினியின் மகன் சங்கருக்குத் தினமும் போன் போட ஆரம்பித்தார். சங்கர் லீவு போட்டு வந்தான். கையில் அம்மாவுக்கு ஒரு பரிசு: உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கர். மதினி அதில் ஒரு பாட்டுக் கேட்டார். "எல்லாரும் தண்ணித் தொட்டிக்குள்ள நின்னு பாடுத மாதிரி இருக்குல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிவகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

அந்த இடைவெளியில் சங்கர் பழைய இரும்புக் கடைக்குச் சொல்லிவிட்டான். நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது லோடு ஆட்டோ தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பெட்டிகளும் முதுகைக் காட்டிக்கொண்டு போயின.  மதினிக்குப் போன் செய்தேன். மறுமுனையில் மேளச் சத்தம், அதற்கு மேலே ஒரே ஒரு சொல், "வாரேன்."

கல்யாணப் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக இரும்புக் கடைக்கு வந்தார். நான் முன்னாலேயே போய் நின்றிருந்தேன். ஆனாலும் தாமதமாகிவிட்டது. ஒரு பெட்டியை உடைத்துக் காந்தத்தை உருவியிருந்தார்கள். அவர் வெட்டி ஒட்டிய வளையம், கிழிந்த காகிதக் கூம்போடு மண்ணில் கிடந்தது. மதினி அதை எடுத்துத் தூசி தட்டினார். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. மிச்சமிருந்த பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"மதினி, இறங்குங்க. உங்க பையன்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னாப்ல" என்றார் கடைக்காரர்.

"இந்தப் பெட்டியத் தூக்கணும்னா என்னையும் சேத்து எடைக்குப் போடுங்க."

கடைக்காரர் தராசையும் மதினியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சங்கரைப் போனில் அழைத்தார். அவன் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான்.

"அம்மா, இறங்கும்மா. எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும்."

"தாசில்தார் மாமா டெய்லி போன் பண்ணுதாரும்மா. ஊர்ல நாலு பேரு என்னென்னமோ சொல்லுதாங்க. எனக்கு அசிங்கமா இருக்கு."

"நாலு பேரு சொல்லுததெல்லாம் எக்ஸ்சேஞ்சுலயே கேட்டு முடிச்சிட்டேன் மக்கா. உன்னப் படிக்க வைக்கதுக்காக, வாயத் தொறக்காம கேட்டேன். இப்ப எனக்குன்னு இது ஒண்ணுதான் இருக்கு. இதையும் குடுத்துட்டு நான் என்ன செய்யணும்? சுவரப் பாத்து உக்காந்திருக்கணுமா? சொல்லுல."

சங்கர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தான்.  

கடைசியில் அவன்தான் அந்தப் பெட்டியைத் திரும்ப மாடிக்குச் சுமந்தான். பாதிப் படியில், "அம்மா, ரொம்ப வெயிட்டும்மா" என்றான்.

"இறக்குனப்ப தெரியலையோ? மெதுவா வா, சுவர்ல இடிச்சிராத."

பெட்டி ஒன்றாகிவிட்டதால் சத்தமும் பாதியாகிவிடும் என்று எதிர் வீட்டில் நம்பினார்கள். மதினி சத்தம் கூட்டும் திருகியை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினார். சங்கர் பெங்களூருக்குப் போகும்வரை, அந்த மர நாற்காலியில் உட்கார்ந்து பாட்டை முழுதாகக் கேட்ட பிறகுதான் அவனுக்குச் சாப்பாடு என்று கேள்வி.

அப்புறம் எனக்கு ராஜபாளையத்துக்கு மாற்றலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் எதையோ காணோம் என்று இருக்கும். போன மாதம் மதினி போனில் வந்தார்.

"தம்பி, கடையநல்லூர்ல ஒரு வீட்டுப் பரண்ல ஸ்பீக்கர் ஒண்ணு ஒத்தையா கெடக்காம். காரக் கொண்டுட்டு வாரியளா?"

லீவு போட்டுவிட்டு, மதினியையும் ஏற்றிக்கொண்டு போனேன். "எங்க வாப்பா மஸ்கட்லேர்ந்து வரும்போது கொண்டுவந்தது. இங்க யாரும் தொடுறதில்ல, எடுத்துக்கங்க. பாட வச்சதும் எங்களக் கூப்பிடணும்" என்று அந்த வீட்டுக்காரர் இறக்கிக் கொடுத்தார். மதினியிடம் இருப்பது தேக்கு நிறம். இது கறுப்பு, உயரமும் ஒரு சாண் அதிகம்.

"சோடி சேராதே மதினி" என்றேன்.

"அத நான் சேக்கேன். நீங்க வண்டிய எடுங்க."

பெட்டியைப் பின்சீட்டில் நிறுத்தி, சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அதன் தோளில் கை போட்டுக்கொண்டார். கண்டன்சரிலிருந்து தாசில்தார் வரைக்கும் வழி நெடுக ஒரே பேச்சு.

"மெதுவாப் போங்க தம்பி, குலுங்குது" என்றார்.

மெதுவாகத்தான் போனேன். சங்கரன்கோவில் அவ்வளவு சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று எனக்கும் இருந்தது.