வளைவுக் காக்காவும் ஒரு கைப்பிடி மலைப் பன்னமும்

அன்றைக்கு வேனில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, இன்னாரை மறைத்துவிட்டான் என்று பேச்சு வரக்கூடாது. நான், என் மனைவி, எங்கள் மகள் ஷிஃபானா. மாப்பிள்ளைப் பக்கத்தில் ஹாஜியார், அவருடைய மனைவி, மகன் றிஸ்வான். வேன் ஓட்டி வந்த தம்பி. இத்தனை பேரையும் ஏற்றிவிட்டு, அம்பாறை வெயிலிலேயே காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு முன் ஸீற்றில் உட்கார்ந்திருந்தவர் வளைவுக் காக்கா. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இன்று ஒற்றுமையாகக் குடும்பம் நடத்துகிற எந்தச் சோடியை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இவருடைய புண்ணியத்தால் ஒரு தடவையாவது மலையில் வாந்தி எடுத்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். இந்தக் காக்கா கல்யாணத் தரகர். மற்றத் தரகர்கள் போட்டோ காட்டுவார்கள், சாதகமாக நாலு பொய் சொல்வார்கள். இவர் அதெல்லாம் செய்யமாட்டார். பேச்சு ஓரளவுக்கு வந்ததும் இரண்டு குடும்பத்தையும் ஒரே வேனில் அடைத்து மலைக்குக் கொண்டுபோய்விடுவார்.

"சோபாவில இரிந்தா எல்லாரும் நல்ல மனிசன்தான். வளைவில இரித்திப் பாக்கணும். அங்கதான் உள்ளுக்குள்ள இரிக்கிறது வெளிய வரும்" என்பார். வெளியே வருவது சாப்பாடு மட்டுமல்ல என்பது அவருடைய கருத்து.

வேனில் ஏறியதும் அவர் செய்கிற முதல் வேலை, டிரைவருடைய கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைப்பது. டிரைவருக்குப் பின்னால் வருகிற பஸ் தெரியாது. காக்காவுக்கு மாப்பிள்ளையின் கொட்டாவி தெரியும். அந்தக் கண்ணாடியால் எத்தனை இஞ்சினியர்மார் விழுந்தார்கள்! ஒரு தடவை பெண்ணின் வாப்பா ஒரு வளைவில் குமட்டியபோது, மாப்பிள்ளை அவருடைய தலையைப் பிடிக்காமல் தன் புதுச் சப்பாத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாராம். "வேனைத் திருப்பு" என்றார் காக்கா. பதுளையைக்கூடத் தாண்டாமல் அந்தக் கல்யாணம் ஊர் திரும்பியது. இன்னொரு குடும்பம் பிஸ்கட்டை ஹேண்ட்பேக்குக்குள் வைத்து ஒவ்வொன்றாக உருவி, இருமுவதுபோல் பாவனை செய்து சாப்பிட்டதாம். அதுவும் பெயில்.

இவருக்கு ஒரு சட்டம் உண்டு. வேன் கிளம்பியதிலிருந்து ஊர் திரும்பும் வரை வீடு, வளவு, நகை பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. எனக்கு இந்தச் சட்டம் சீனியாக இனித்தது. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் நடக்காது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சாய்ந்தமருதில் சைக்கிள் கடை வைத்து, சுவர் வரைக்கும் எழுப்பிவிட்டேன். மேலே கொங்கிரீட் தட்டுப் போட வழியில்லை. தகரம்தான் அடித்திருந்தேன். ஹாஜியாரோ தட்டு வேண்டுமென்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஷிஃபானாவுக்கு இந்த இடம் பிடித்துப்போயிருந்தது. கேட்டால் சொல்லமாட்டாள். ஆனால் இதற்கு முன் வந்த சம்பந்தங்களுக்கெல்லாம் தலைவலி என்று படுத்தவள், அன்றைக்கு எல்லோருக்கும் முதலே எழும்பிப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத்தான் தலைவலி.

"நீங்க மட்டும் வாயத் துறந்துடாதீங்க. தகரம் எண்ட சொல்லே வரப்படா" என்று மனைவி காதுக்குள் சொன்னாள். நான் பிரேக்கைப் பற்றிக் கவலைப்பட்டேன். அட்டைக் கடியைப் பற்றிக் கவலைப்பட்டேன். தகரத்தைப் பற்றி நினைக்காமல் இருக்க மனிதன் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது!

வளைவுகள் ஒருவாறு முடிந்தன. கடைசிப் பரீட்சைக்கு எல்லோரும் போகிற பூந்தோட்டத்துக்குக் கூட்டிப்போவார் என்று பார்த்தால், மலை உச்சியில், இந்த நாட்டில் தானாக முளைத்த செடிகளை மட்டும் வளர்க்கிற தோட்டமொன்றின் வாசலில் வேனை நிறுத்தினார். உள்ளே மருந்துக்கும் ஒரு பூ இல்லை. பனி, பாசி, பச்சை. அதற்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் பச்சை.

"காக்கா, இஞ்ச பாக்கிறதுக்கு என்ன இரிக்கி?" என்றேன்.

"ஒண்டுமில்ல. அதுக்குத்தான் கூட்டிட்டு வந்த. பூவப் பாத்துக்கிட்டு எவனும் சிரிச்சிக்கிட்டு நிப்பான். பாக்க ஒண்டுமில்லாத இடத்தில மூஞ்சக் கோணாம நடக்கிறவனோடதான் சம்பந்தம் வெக்கலாம்."

நடந்தோம். என் மனைவி திடீரென்று கூவினாள். "இஞ்ச பாருங்க! நம்மட வாய்க்காலடி வல்லாரைக்கி வேலி அடிச்சி, பேர்ப் பலகையும் வெச்சிரிக்கானுகள்!" ஹாஜியார் ஒரு பெரிய மரத்தின் முன் நின்று, அதன் லத்தீன் பெயரை வாய்க்குள் முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது எத்தின மழையத் தாங்கியிரிக்கும், தம்பி?"

"நல்லாத் தாங்கியிரிக்கும், ஹாஜியார்."

"ம். ஒங்கட தகரம் தாங்குமா?"

சட்டம் உடைந்துவிட்டது. நான் காக்காவைப் பார்த்தேன். காக்கா மப்ளரை இறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். ஷிஃபானா பாசியைப் பார்த்தாள். அவளுடைய முகம் சுருங்கியதை நான் மட்டும்தான் கண்டேன். இனி வேனைத் திருப்பச் சொல்லுவார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இதற்கிடையில் ஹாஜியாரின் மனைவி கொஞ்சம் பின்தங்கியிருந்தார். எங்கள் ஊர்ப் பெண்கள் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் வெறுங்கையோடு திரும்பமாட்டார்கள். ஒரு தடியோ கிழங்கோ வேண்டும். அதையும் கேட்டு வாங்கினால் பட்டுப்போகும், கேட்காமல் எடுத்தால்தான் பிடிக்கும் என்பது அவர்களுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. கல்முனைக் கடல் மணலில் மலைப் பன்னம் என்கிற பெரணிச் செடி ஒரு கிழமைகூட நிற்காது என்பதை அந்த நம்பிக்கை கணக்கில் எடுப்பதில்லை.

வெளியே வரும்போது வாசல் காவலாளி அவருடைய பேக்கைப் பார்த்தார். ஸிப்புக்கு வெளியே ஒரு பன்ன இலை தலையைச் சுருட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது. அடியில் மண் தண்ணீர் சொட்டியது.

"மேடம், பேக்க கொஞ்சம் தொறக்க முடியுமா?" காவலாளி சிங்களம் கலந்த தமிழில் மரியாதையாகத்தான் கேட்டார். "இது காட்டுச் செடி. எடுத்தா பொலிசுக்குச் சொல்லணும்."

ஹாஜியாரின் முகம் பாசி நிறமாகியது. றிஸ்வானுக்கு அரசாங்க வேலை கிடைத்து ஈரம் காயவில்லை. உம்மாவின் பெயர் பொலிசில் ஏறினால் ஊர் என்ன சொல்லும்?

"அது நான் புடுங்கின" என்றாள் ஷிஃபானா. "மாமிட பேக்கில வெச்சது நான்தான்."

"இல்ல சேர், நான்தான் இவவுக்குப் புடுங்கிக் குடுத்த" என்று றிஸ்வான் முன்னால் வந்தான்.

"அல்லாஹ்வே! புள்ளைகளுக்கு ஒண்டும் தெரியா, நான்தான் எடுத்த" என்று ஹாஜியாரின் மனைவி அழத் தொடங்கினார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "நான்தான் எடுக்கச் சொன்ன" என்று கத்திவிட்டேன்.

காவலாளி எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஒரு செடிக்கி இத்தின கள்ளனா? நீங்க எல்லாம் ஒரே குடும்பமா?"

வளைவுக் காக்கா மப்ளரைக் கழற்றித் தோளில் போட்டார்.

"ஓம் சேர், ஒரே குடும்பம்தான். இப்பதான் ஆகிச்சி."

காவலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொலிஸ் வேண்டாம், எடுத்த இடத்தில் நட்டுவிட்டுப் போங்கள் என்றார். மாப்பிள்ளை குழி தோண்ட, பெண் மண் அணைக்க, இரண்டு உம்மாமாரும் தண்ணீர் ஊற்ற, ஒரு பன்னத்துக்கு இவ்வளவு பெரிய விழா அந்த மலையில் அதற்கு முன் நடந்திருக்காது. ஹாஜியார் என் பக்கத்தில் வந்து செருமினார். "மச்சான், தகரம் குளிர்ச்சிதான். தட்டுப் போடுறத புள்ளைகள் பிறகு பாத்துக்கட்டும்."

நிக்காஹ் நாளில் காக்காவை எதிர்பார்த்து வாசலிலேயே நின்றேன். வரவில்லை. வேறு இரண்டு குடும்பங்களோடு மலையில் இருக்கிறார் என்றார்கள். கூட்டம் கலைந்து, பந்தலில் ஆட்கள் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தபோது, வாந்தி வாடையும் கசங்கிய சட்டையுமாக வந்து இறங்கினார். அவருக்கென்று ஒரு சஹன் சோறு மூடி வைத்திருந்தோம். எங்கள் ஊரில் சஹன் என்கிற அந்தப் பெரிய தட்டில் யாரும் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. கழுத்து வரை சாப்பிட்டிருந்த ஹாஜியாரும், மருமகனும், நானும் மறுபடி கையைக் கழுவிக்கொண்டு அவரைச் சுற்றி உட்கார்ந்தோம்.